தலையணைக் கடைக்கு ஒரு வரி

“‘நீங்க எங்கிட்டப் பேசறதே இல்ல. நோட்டீஸ் வாசிக்கிறீங்க.’ இப்படித்தான் சொன்னா குருவே. ஒரு எழுத்து நான் கூட்டல. ஒரு எழுத்து குறைக்கல.”

“சொல்லிட்டு?”

“பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டா. நான் நோட்டீஸ் வாசிக்கிறேனாம்! கட்டின புருசன்கிட்டப் பேசற பேச்சா இது?”

“வாசிச்சீங்களா?”

“எதை?”

“நோட்டீஸ்.”

பவுன்ராஜ் மலையைப் பார்த்தார். பதில் இல்லாதவர்கள் பார்ப்பதற்கென்றே அந்த வீட்டு வாசலில் ஒரு மலை இருந்தது.

குருவுக்கு நாற்பது சொச்சம் வயது. சீடருக்கு ஐம்பது சொச்சம். அதனால் குரு சீடரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். சீடர் மட்டும் பிடிவாதமாகக் ‘குருவே’ என்பார்.

“குருவேன்னு கூப்பிடாதீங்கண்ணே. தாடி முளைச்சுருமோன்னு பயமா இருக்கு.”

“சரி குருவே.”

குருவின் பெயர் எமரன்சி. சென்னையில் இருந்த காலத்தில் ஊருக்கெல்லாம் விளம்பரம் எழுதிக் கொடுத்த பெண்மணி. சோப்போ, சேமியாவோ, வீட்டுக் கடனோ, எதுவானாலும் ஒரே வரி. அந்த வரியைக் கேட்டுவிட்டு ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள். ஒருநாள் அவருக்கே போதும் என்று தோன்றிவிட்டது. போடிமெட்டுச் சாலையில் கொஞ்சம் காப்பிச் செடியும் ஒரு கறுப்பு நாயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாயின் பெயர் மிளகு.

பவுன்ராஜுக்குக் கீழே போடியில் கடை. இலவம்பஞ்சு மெத்தை, தலையணை. கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பது மனைவி. நோட்டீஸ் எழுதுவது இவர். வேலை செய்ய ஒருவர், அதைப் பற்றிப் பெருமையாக எழுத ஒருவர் என்று பல குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

மனைவியின் பெயர் போதுமணி. நாலாவதும் பெண்ணாய்ப் பிறந்ததால் சாமிக்குக் கேட்கும்படி வைத்த பெயர்.

“சண்டை எதுல ஆரம்பிச்சதுண்ணே?”

“அவ அக்காவுக்குச் சின்னமனூர்ல கால் ஆபரேசன். ‘பாத்துட்டு வரலாம், ஒரு எட்டு கூட வாங்க’ன்னா. நான் ஆடித் தள்ளுபடிக்கு எழுதிக்கிட்டு இருந்தேன். அந்த வேகத்துல…”

“அந்த வேகத்துல?”

“‘ஆவன செய்யப்படும்’னுட்டேன்.”

உள்ளே அடுப்பில் பால் பொங்கியது. சிரிப்பை அடக்குவதா, அடுப்பை அணைப்பதா என்று எமரன்சிக்குத் தெரியவில்லை. பால் வழிந்தது.

“போறப்ப ஒண்ணு சொன்னா குருவே. ‘மனுசன் பேசற மாதிரி ஒரே ஒரு வரி எழுதிக் கடை வாசல்ல மாட்டுங்க. அன்னைக்கு வாரேன்’னா. அக்காவுக்குக் கட்டு மாத்த வியாழக்கிழமை ஆனா போடிக்குத்தான் கூட்டிட்டு வர்றா. வரப்பவும் போறப்பவும் பஸ் நம்ம கடை வாசல்லதான் நிக்கும். ஜன்னல் வழியா போர்டைப் பாக்குறா. மூஞ்சியத் திருப்பிக்கிறா.”

“கடை எப்படிப் போகுது?”

“ஈ கூட வர்றதில்ல, ஓட்டுறதுக்கு.”

“வீடு?”

“ரசம் வச்சேன்.”

வீட்டின் நிலைமை அந்த ஒரு வரியிலேயே இருந்தது. ஆனால் அதை அவர் வரியாகக் கருதவில்லை.

“எனக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க குருவே. நீங்க எழுதினா ஊரே திரும்பிப் பாக்கும். அவளும் பாப்பா.”

“நான் எழுதினா அவங்க என் வீட்டுக்குல்ல வருவாங்க?”

பவுன்ராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“தரணி போற்றும் தலையணைகளின் தன்னிகரற்ற தலைவாசல்! பன்னெடுங்காலப் பாரம்பரியமும் புத்தம்புதுப் பொலிவும் கைகோத்து வழங்கும் பஞ்சணைப் பெருவிருந்து! வாடிக்கையாளப் பெருமக்களின் உன்னத உறக்கமே எங்கள் உயிர்மூச்சு! அனைவரும் வருகை தந்து ஆதரவு நல்கிப் பயனடையுமாறு அன்புடன் வேண்டி விரும்பிக் கேட்டுக்கொள்ளப்படுகிறது!”

குரு கண்ணை மூடிக் கேட்டார். வாசித்து முடித்த பிறகும் திறக்கவில்லை.

“குருவே?”

குறட்டை வந்தது.

“குருவே!”

“ம்? நல்ல நோட்டீஸ்தாண்ணே. தலையணையே தேவைப்படல.”

பவுன்ராஜின் முகம் சுருங்கிப் போயிற்று. அதைப் பார்த்ததும் எமரன்சிக்குப் பாவமாகிவிட்டது. சீடர் காணிக்கையாகக் கொண்டுவந்திருந்த தலையணையை எடுத்து மடியில் வைத்துத் தடவினார்.

“மெத்துனு இருக்குண்ணே. உள்ள என்ன?”

“சுத்தமான இலவம்பஞ்சு.”

“காய்க்குள்ள பஞ்சு மட்டுந்தான் இருக்குமா?”

“கொட்டையும் இருக்கும். அதை எடுத்துருவோம்.”

“ஏன் எடுக்கிறீங்க? இருந்தா எடை கூடுமே.”

“கூடும். ஆனா தலையில குத்தும். ராத்திரி பூராத் தூங்க முடியாது.”

குரு நோட்டீஸ் தாளை மடித்துச் சீடரின் பையிலேயே வைத்துவிட்டார்.



பவுன்ராஜ் மறுபடி மலையேறி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

“கொட்டையெல்லாம் எடுத்துட்டேன் குருவே. ஒரே வரி.”

“வாசிங்க.”

“‘தரமே எங்கள் தாரக மந்திரம்.’”

“தாரக மந்திரம்னா என்னண்ணே?”

பவுன்ராஜ் யோசித்தார்.

“எல்லாரும் போடுறாங்க குருவே.”

“அர்த்தம் என்ன?”

“ஒசத்தியான மந்திரம்.”

“உங்க கடைக்கு யாராவது மந்திரம் வாங்க வந்துருக்காங்களா?”

“நீங்க குதர்க்கமாப் பேசுறீங்க.”

“சரி. இதுல தலையணை எங்க இருக்கு?”

“அது மறைபொருளா இருக்கு.”

“அண்ணே, நாய்! ஓடுங்க!”

பவுன்ராஜ் ஓடினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காப்பிச் செடிகளுக்கு நடுவே புகுந்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரின் மேல் ஏறி நின்றார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியாது.

மிளகு வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அவர் விட்டுவிட்டு ஓடிய செருப்பை முகர்ந்தது. அதன் மேல் தலையை வைத்துப் படுத்தது.

“கடிக்காதா?”

“வாயில பல்லே இல்லண்ணே. வயசாயிருச்சு.”

“அப்புறம் எதுக்கு ஓடச் சொன்னீங்க?”

“எதுக்கு ஓடினீங்க?”

“நீங்கதான சொன்னீங்க!”

“‘விழிப்புணர்வு மிக்க பொதுமக்களின் மேலான கவனத்திற்கு’ன்னு ஆரம்பிச்சிருந்தா?”

சுவரின் மேல் நின்றபடியே பவுன்ராஜ் தாளை எடுத்துப் பார்த்தார். இரண்டாகக் கிழித்தார். பிறகு, இறங்குவதற்கு உதவி கேட்டார்.

“கை குடுங்க.”

“பாத்தீங்களா,” என்றார் குரு, கை கொடுத்தபடி. “நல்லாத்தான எழுதுறீங்க.”

பவுன்ராஜுக்கு அது புரியவில்லை. முழங்கால் வலித்தது.



மூன்றாவது தடவை வந்தபோது அவர் வாசிக்கவில்லை. தாளை நீட்டிவிட்டுத் தள்ளி நின்றார்.

‘இலவம்பஞ்சுத் தலையணை இங்கே கிடைக்கும்.’

எமரன்சி படித்தார். உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். இதற்கு முன் வந்தபோதெல்லாம் தண்ணீர்தான்.

“குத்தல,” என்றார்.

பவுன்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்ப மாட்டிரலாமா குருவே?”

“யாருக்கு இது?”

“எல்லாருக்கும்.”

“எல்லாருக்கும்னா?”

“ஊருக்கு.”

“ஊருல யாருக்கு?”

“தலை இருக்கிற எல்லாருக்கும்தான்! தலையணைக் கடையில வேற யாருக்கு எழுதுவாங்க?” காப்பி சுட்டது. “நீங்க ஒண்ண முடிச்சா இன்னொண்ணு ஆரம்பிக்கிறீங்க. என் பொண்டாட்டி தேவல.”

“அவங்க கடையில இருந்தப்ப போர்டுல என்ன இருந்துச்சு?”

“‘தரணி போற்றும்’தான்.”

“அதைப் படிச்சிட்டா ஆளு வந்தாங்க?”

“அதை யாரு படிச்சா! இவ வாசல்ல போறவங்க மூஞ்சியப் பாப்பா. ‘வாங்க’ம்பா. வருவாங்க.”

“என்னம்பாங்க?”

“‘வாங்க’.”

“சரியாக் கேக்கல.”

“‘வாங்க’ம்பா குருவே, ‘வாங்க’, வேற ஒண்ணும்…”

பவுன்ராஜ் நின்றார்.

“வாங்க,” என்றார், கையை நீட்டி, விருந்தாளியைக் கூப்பிடுவது போல.

“வாங்க,” என்றார், அதே கையில் ஒரு தலையணையை எடுத்துக் கொடுப்பது போல.

தம்ளரைக் கீழே வைத்தார். பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். ஒரு செருப்பு மிளகிடம் இருந்தது. அதைக் கேட்கக்கூட நிற்கவில்லை.



போர்டு மாறியது. வெள்ளைத் தகரத்தில் நீல எழுத்து. ஒரே வார்த்தை.

பக்கத்து டீக்கடை சுருளி வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தான்.

“என்னண்ணே, பெயிண்ட் தீந்துபோச்சா? எதை வாங்கன்னு போடலையே!”

“போடா.”

“நாலு நாளு தலையணை மந்திரம் ஓத ஆளு இல்ல. மனுசனுக்கு மூளை கலங்கிப் போச்சு.”

ஆனால் ஆள் வந்தார்கள். ‘என்ன வாங்க?’ என்று கேலி செய்ய வந்தவர்கள் மெத்தையில் உட்கார்ந்து பார்த்தார்கள். உட்கார்ந்தவர்கள் சாய்ந்து பார்த்தார்கள். ஏலக்காய் ஏலத்துக்கு வந்த ஒரு பெரியவர் வாசலில் நின்று, “கூப்பிட்டீங்களா?” என்று கேட்டார். பேத்தி கல்யாணத்துக்கு ஒரு ஜோடி மெத்தை சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பஸ் வந்து நின்றது.

ஜன்னலோரம் அக்கா. அவளுக்கு இந்தப் பக்கம் போதுமணி. பவுன்ராஜ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போர்டுக்குக் கீழே நின்றார். போர்டில் இருந்த வார்த்தைக்கு ஆள் உருவம் வந்தது போல நின்றார்.

போதுமணி போர்டைப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. அக்காவைத் தாண்டி ஜன்னல் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னாள்.

பஸ் போய்விட்டது.



“பேச்சு மாறிட்டா குருவே! ஒரு வரி எழுதச் சொன்னா, எழுதினேன். ஊரே வந்துருச்சு. அவ மட்டும் வரல!”

எமரன்சி முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மிளகு எழுந்து வந்து, செருப்பைச் சீடரின் காலடியில் போட்டுவிட்டுப் போனது.

“ஜன்னல்ல என்ன சொன்னாங்க?”

“அதை விடுங்க.”

“ஒரு எழுத்து கூட்டாம, குறைக்காமச் சொல்லுங்கண்ணே.”

“‘அது நான் சொல்றது. நீங்க என்ன சொல்றீங்க?’”

மொச்சை உரித்த கை நின்றது.

“அண்ணே, உங்க வீட்டிலேயே ஒரு குரு இருக்காங்க. எதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர்றீங்க?”

“கேலி பண்ணாதீங்க. நான் என்ன சொல்லணும்? அதை மட்டும் சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

“நீங்க அவங்கள எப்படிக் கூப்பிடுவீங்க?”

“‘வா’ம்பேன். அவசரம்னா ‘ஏய்’.”

“அவங்க உங்கள?”

“‘வாங்க’ம்பா. பொம்பள வேற எப்படிக் கூப்பிடுவா?”

இந்த இடத்தில் எந்தக் குருவும் கையில் இருப்பதைத் தூக்கி எறிந்திருப்பார். எமரன்சியின் கையில் இருந்தது மொச்சை. விலை அதிகம். எறியவில்லை.

“உங்களப் பாத்துக் கடைசியா எப்ப அப்படிச் சொன்னாங்க?”

“எப்பவுமே சொல்லுவா. சாப்பிட வாங்க, தூங்க வாங்க, கடையை அடைச்சிட்டு வாங்க…”

“கடைசியா.”

“கடைசியா…” பவுன்ராஜ் வாயைத் திறந்தார். “‘ஒரு எட்டு கூட…’”

வாயை மூடிக்கொண்டார்.

மலை எதிரில்தான் இருந்தது. அவர் பார்க்கவில்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மொச்சை உருண்டு தரையில் விழுந்தது. அதை எடுத்து முறத்தில் போட்டார்.

“அதுக்கு இன்னும் பதில் போகலண்ணே,” என்றார் குரு. குரலில் கேலி இல்லை.

வெகுநேரம் இருவரும் மொச்சை உரித்தார்கள்.

கிளம்பும்போது பவுன்ராஜ் இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டார். எமரன்சி உரித்த மொச்சையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

“அக்காவுக்குக் குழம்பு வைக்கச் சொல்லுங்க.”

“போயிட்டு வர்றேன் குருவே.”

“வராதீங்கண்ணே. வந்தா ரெண்டு பேரா வாங்க.”



அடுத்த வியாழக்கிழமை கடையில் கூட்டம். ஏலக்காய்ப் பெரியவர் குடும்பத்தோடு வந்து மெத்தைத் துணிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்திக்கு ரோஸ் வேண்டும், பாட்டிக்கு நீலம் வேண்டும். கல்யாணம் யாருக்கு என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

கட்டு மாற்றிவிட்டுச் சின்னமனூர் திரும்பும் பஸ் வந்து நின்றது.

பவுன்ராஜ் கையில் இருந்த அளவு நாடாவைக் கீழே வைத்தார். மொச்சைப் பையை எடுத்தார்.

“சுருளி, கடையைப் பாத்துக்க.”

“எங்கண்ணே? யாவாரம் நடக்கிற நேரத்துல!”

“சின்னமனூர்.”

“எதுக்கு?”

“கூப்பிட்டாங்க.”

“சட்டை பூராப் பஞ்சா இருக்குண்ணே!”

அவர் அதற்குள் படியில் கால் வைத்திருந்தார்.

மூன்று பேர் உட்காரும் இருக்கை. ஜன்னலோரம் அக்கா, காலில் புதுக் கட்டோடு. இந்த ஓரம் போதுமணி. நடுவில் ஒரு தலையணை. அக்காவின் காலுக்கென்று கொண்டுவந்தது. கால் கீழே இருந்தது, தலையணை சீட்டு வாங்கிய ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. சொந்தக் கடைத் தலையணைதான்.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் கிளம்பியது. பவுன்ராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

சொல்வதற்கு நிறைய எழுதிவைத்திருந்தார். ‘மேலான’ என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார்.

“போதுமணி,” என்றார்.

அவள் நிமிர்ந்தாள். அவர் மீசையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். கண்டக்டரின் கை டிக்கெட் கட்டின் மேலேயே நின்றது. கட்டிய மனைவியை ‘ங்க’ போட்டுக் கூப்பிடும் ஆளை அந்த வண்டியில் யாரும் பார்த்ததில்லை.

“யாரைடி சொல்றாரு? என்னையா?” என்றாள் அக்கா.

போதுமணி ஜன்னல் வழியே பார்த்தாள். கடை பின்னால் போய்க்கொண்டிருந்தது. வாசலில் கூட்டம், அதற்கு நடுவில் சுருளி கையை ஆட்டிக்கொண்டிருந்தான். மேலே, அவளுடைய வார்த்தை.

பிறகு அதுவும் மறைந்தது. திருப்பத்தில் பஸ் சாய்ந்தது. அவளுடைய கை நடுவில் இருந்த தலையணையின் மேல் இருந்தது. எடுப்பதற்கா, பிடித்துக்கொள்வதற்கா என்று தெரியவில்லை.

“நானும் கூட வர்றேன்,” என்றார் பவுன்ராஜ். “தள்ளி உக்காருங்க.”